பெங்களூருக்குப் போகாத தாள்

அப்பா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் அம்மாவின் பாஸ்புக்கை நான் ஒழுங்காகப் பார்த்தேன். 2024 ஜூன் கடைசி. கோடை விடுமுறைக்குக் கோவில்பட்டி வர முடியாமல் போனதால், பள்ளி திறந்த பிறகு ஒரு சனி ஞாயிறில் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்திருந்தேன். அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "இதைக் கொஞ்சம் பாரேன், வட்டி குறைச்சலா வருது" என்று பாஸ்புக்கை நீட்டினார்.

அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பன்னிரண்டு லட்சம் ரூபாயை எஃப்டியில் போட்டிருந்தார். ஏழரை சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 22,500 ரூபாய் வட்டி வர வேண்டும். வந்திருந்ததோ 20,250. ஒரு முறை அல்ல, 2023 ஏப்ரலில் தொடங்கி ஒவ்வொரு காலாண்டிலும் அப்படித்தான். ஒரு தவணைக்கு 2,250 ரூபாய், அதாவது சரியாகப் பத்து சதவீதம், டிடிஎஸ் என்று, அதாவது வட்டி கைக்கு வரும் முன்பே எடுக்கும் வருமான வரியாக, பிடித்திருந்தார்கள். வருடத்துக்கு 9,000 ரூபாய். அம்மாவுக்கு மாதம் வரும் குடும்ப ஓய்வூதியமே 18,000 தான். அதில் பாதியை வருடத்துக்கு ஒரு முறை யாருக்கோ தூக்கிக் கொடுப்பதுபோல.

ஏன் என்று தெரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. அப்பா ஒவ்வொரு ஏப்ரலிலும் முதல் வாரத்தில் வங்கிக்குப் போய் ஃபாரம் 15எச் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அறுபது வயது கடந்தவர்கள், தங்கள் மொத்த வருமானத்துக்கு வரி வராது என்று அப்போது எழுதிக் கொடுத்துவந்த உறுதிமொழி அது. கொடுத்தால் வங்கி வரி பிடிக்காது. 2023 பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். எஃப்டி அம்மா பெயருக்கு மாறியது. அந்த ஏப்ரலில் எங்கள் யாருக்கும் 15எச் ஞாபகத்தில் இல்லை, இருக்க நியாயமும் இல்லை. மூத்த குடிமக்களுக்கு அப்போது வருடத்துக்கு 50,000 ரூபாய் வட்டியைத் தாண்டினால் வங்கி பத்து சதவீதம் பிடித்தே ஆக வேண்டும், இது சட்டம், வங்கி செய்தது தப்பு இல்லை.

சரி, பிடித்ததைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டும் என்றேன். அம்மா கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"வரி கட்டுற அளவுக்கு வருமானமே இல்லாதவ, எதுக்குட்டி வரிக் கணக்கு போடணும்?"

இந்தக் கேள்வியைத்தான் நம் ஊரில் லட்சக்கணக்கானவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வரிக் கணக்கு என்பது பணக்காரர்கள் அரசாங்கத்துக்குப் பணம் கொடுக்கும் சமாச்சாரம் என்று மனதில் பதிந்துவிட்டது. அரசாங்கத்திடம் நம் பணம் போய் உட்கார்ந்திருந்தால் அதைத் திரும்பக் கேட்கும் ஒரே வழியும் அதே படிவம்தான் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. என் தோழி ஒருத்தி தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், சம்பளம் என்று போடாமல் தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கில் காட்டி மாதாமாதம் பத்து சதவீதம் பிடிக்கிறார்கள். நான்கு வருடமாகப் பிடித்ததை அவள் கேட்டதே இல்லை. "பிடிச்சது பிடிச்சதுதானே" என்றாள். இல்லவே இல்லை. அவள் பான் எண்ணில் அது அவள் பெயரில் வரவாகியிருக்கிறது, 26ஏஎஸ் என்ற பட்டியலில் ஒவ்வொரு மாதமும் வரிசையாக நிற்கிறது.

அம்மாவின் பான் எண்ணைப் போட்டு வருமான வரித் துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கப் பார்த்தேன். ஏற்கனவே கணக்கு இருக்கிறது என்று வந்தது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கும்தான். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால், ஓடிபி போகும் அலைபேசி எண்ணின் கடைசி எண்களைக் காட்டியது. எங்கள் வீட்டில் யாருடைய எண்ணும் அது இல்லை.

அப்புறம்தான் அம்மாவுக்கு நினைவு வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், அதில் ஒரு தம்பி. அப்பாவுக்கு வருடா வருடம் அவர்தான் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பார், ஐந்நூறு ரூபாய். நடுவில் ஒரு வருடம், 2019-20இல், அம்மா பெயரிலும் ஒரு எஃப்டி இருந்து அதில் வரி பிடித்துவிட்டார்கள், அதற்கும் அவரே கணக்குத் தொடங்கிப் போட்டுக் கொடுத்தார். அப்போது தன் அலைபேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்திருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேருக்குப் போட்டுக் கொடுப்பவர், ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "அண்ணாச்சி, ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது, தன் எண்ணைக் கொடுத்துவிட்டால் வேலை ஓடிவிடும். ஆனால் அதன் பொருள் என்ன? அம்மாவின் பெயரில் துறை அனுப்பிய ஒவ்வொரு கடிதமும் வருடக்கணக்கில் இன்னொருவரின் மின்னஞ்சலில் போய் விழுந்துகொண்டிருந்தது.

ஆதார் ஓடிபி மூலம் கடவுச்சொல்லை மாற்றும் வழி இருந்தது, பானும் ஆதாரும் இணைந்திருந்தால் போதும். இணைப்பை அப்பா காலத்திலேயே முடித்திருந்தோம். ஆனால் அம்மாவின் ஆதாரில் இருந்த அலைபேசி எண் அப்பாவுடையது. அந்தப் பழைய பட்டன் போன் அப்பாவின் படத்துக்குக் கீழே அலமாரித் தட்டில் இருந்தது. அம்மா அதற்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தவில்லை, தினமும் சார்ஜும் போட்டு வைத்திருந்தார். யாராவது அப்பாவைக் கேட்டுக் கூப்பிட்டால் சொல்ல வேண்டுமே என்பது அவர் சொன்ன காரணம்.

மடிக்கணினியில் நான் பொத்தானை அழுத்தியதும் அலமாரியில் அந்தப் போன் ஒரு முறை அதிர்ந்தது. இரண்டு பேரும் ஒரு நிமிடம் அப்படியே இருந்தோம். அம்மாதான் எழுந்து போய் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

உள்ளே போனதும் முதல் வேலையாக அலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அம்மாவுடையதாக மாற்றினோம். இரண்டுக்கும் தனித்தனி ஓடிபி வந்தது. இதை எழுதுவதே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்: வரிக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தாலும் சரி, ஆடிட்டரோ, பக்கத்து வீட்டுப் பையனோ, மகளோ, அந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இன்றைக்கே உங்கள் அப்பா அம்மாவின் கணக்கில் போய்ப் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் அங்கே வேறு யாருடைய எண்ணோ இருக்கும்.

அடுத்து, பழைய ரிட்டர்ன்களின் பட்டியலைத் திறந்தேன். 2019-20ஆம் ஆண்டுக்கு அந்தத் தம்பி போட்ட ரிட்டர்ன் இருந்தது. அதன் பக்கத்தில், சரிபார்ப்புக்காகக் காத்திருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி. அதாவது ரிட்டர்னை ஏற்றியிருக்கிறார், ஆனால் அதைச் சரிபார்த்து முடிக்கவில்லை.

இது எவ்வளவு பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அனுப்பியது நாம்தான் என்று உறுதி செய்ய வேண்டும், ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங், வங்கிக் கணக்கு வழியாக வரும் எண் என்று பல வழிகள் உண்டு. இதெல்லாம் முடியாதவர்கள் இணையதளம் தரும் ஒற்றைத் தாளை அச்செடுத்து, மையால் கையெழுத்துப் போட்டு, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் மையச் செயலாக்க மையத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், பின்கோடு 560500. அப்போது அதற்கு 120 நாள் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் 30 நாள்தான். சரிபார்க்காமலே விட்டுவிட்டால் அந்த ரிட்டர்ன் போடாததற்குச் சமம்.

அப்பாவின் கோப்பை எடுத்தேன். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவர், காகிதங்களை வைத்திருக்கும் ஒழுங்கைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். ஓய்வூதிய ஆணை, வீட்டு வரி ரசீதுகள், கேஸ் புத்தகம் எல்லாம் வருடவாரியாக. அம்மாவின் பெயர் எழுதிய பிரிவில், பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்பு இல்லாமல், அந்தத் தாள் இருந்தது. அம்மாவின் பெயர், பான் எண், கீழே பார்கோடு. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி. எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. தபாலில் போக வேண்டிய தாளை அப்பா ரசீது என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். கொடுத்தவர் சொல்லியிருக்க வேண்டும். அப்பா இரண்டு மூன்று முறை போய்க் கேட்டதாகவும், "வரும் அண்ணாச்சி, மெதுவாத்தான் வரும்" என்று சொல்லி அனுப்பியதாகவும் அம்மா சொன்னார். அதில் 3,400 ரூபாய் வர வேண்டியிருந்தது. தொகை பெரிதில்லை. ஆனால் அவ்வளவு கவனமாக ஒரு மனிதர் அதைப் பாதுகாத்து வைத்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

தாமதத்தைப் பொறுத்தருளக் கேட்கும் விண்ணப்பம் ஒன்றை அதே இணையதளத்தில் போடலாம். போட்டோம். அதற்கு இன்னும் முடிவு வரவில்லை. இரண்டு வருடம், நான்கு வருடம் கழித்தும் ரிட்டர்ன் போடலாம் என்று சிலர் சொல்லுவார்கள், அது விட்டுப்போன வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்டுவதற்காக வைத்த வழி, ரீஃபண்ட் கேட்க அதைப் பயன்படுத்தவே முடியாது. கெடு ஜூலை 31, விட்டால் டிசம்பர் 31, அதையும் விட்டால் இப்படி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

2023-24ஆம் வருடக் கணக்குக்கு வருவோம். அதற்கான படிவம் ஐடிஆர்-1, சகஜ் என்று பெயர். திறந்ததுமே பெயர், முகவரி, வட்டி, பிடித்த வரி எல்லாம் தானாக நிரம்பியிருந்தன. 2021 நவம்பரில் அறிமுகமான ஏஐஎஸ் என்ற அறிக்கையில் வங்கிகள் தெரிவித்த வட்டியெல்லாம் இருக்கும், எஃப்டி வட்டி 90,000, சேமிப்புக் கணக்கு வட்டி 3,400, பிடித்த வரி 9,000. இந்த இடத்தில் இந்த ஏற்பாட்டை மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு காலத்தில் வங்கி வங்கியாக அலைந்து சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது, இன்று உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கண்முன்னால்.

ஆனால் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் அதில் இல்லை. அதற்கு வரி பிடிப்பதில்லை, அதனால் யாரும் தெரிவிப்பதில்லை. நாமாகத்தான் எழுத வேண்டும். அதுவும் சம்பளம் என்ற பகுதியில் அல்ல. அப்பா வாங்கியது அவர் உழைத்த ஓய்வூதியம், சட்டத்தின் கண்ணில் அது சம்பளம். அம்மா வாங்குவது பிற வருமானம். அந்த வருடம் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், எது குறைவோ அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நான் முதலில் சம்பளத்தில் போட்டுவிட்டு 50,000 கழித்து, பிறகு படித்துப் பார்த்துத் திருத்தினேன். இப்படித் தப்பாகப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அங்கே ஒரு வரி விளக்கம் தமிழில் இருந்தால் போதும்.

2,16,000இல் 15,000 போக 2,01,000. வட்டிகளைச் சேர்த்தால் 2,94,400. அப்போது அம்மாவுக்கு வரி இல்லாத எல்லையான மூன்று லட்சத்துக்குள். வரியைக் கணக்கிடும் பழைய முறையில் போட்டாலும் புதிய முறையில் போட்டாலும் அம்மாவுக்கு வரி பூஜ்யம். தாளில் நான் கூட்டிக் காட்டியதும் அம்மா பென்சிலை வாங்கித் தானே ஒரு முறை கூட்டினார். "அப்போ அந்த ஒன்பதாயிரமும் நம்மது" என்றார். அந்த வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும்.

ஆண்டுக் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். சம்பாதித்தது 2023-24, ஆனால் படிவத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியது மதிப்பீட்டு ஆண்டு 2024-25. அம்மா மூன்று முறை கேட்டார், நானும் மூன்று முறை விளக்கினேன், மூன்றாவது முறை எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நல்லவேளையாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று கொண்டுவந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்த இரட்டைப் பெயர் இல்லை, வரி ஆண்டு என்ற ஒன்றே ஒன்றுதான்.

பெயர்தான் எங்களை நாள் கணக்கில் அலைய வைத்தது. ரீஃபண்ட், முன்கூட்டியே சரிபார்த்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும். சரிபார்ப்புத் தோல்வி என்று இரண்டு முறை வந்தது. பாஸ்புக்கில் அம்மா பெயர் தலைப்பெழுத்தோடு, பான் கார்டில் தலைப்பெழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயர் கடைசிப் பெயராக. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வெறும் தலைப்பெழுத்தை எழுத விடமாட்டார்கள். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நமக்கு இந்தக் கட்டத்தால் வரும் தொல்லைக்கு அளவே இல்லை, தமிழ்நாட்டில் இந்தக் கதை இல்லாத வீடே இருக்காது. பான் எண்ணில் நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர், ஐந்தாவது எழுத்து அந்தக் கடைசிப் பெயரின் முதல் எழுத்து. அதாவது அம்மாவின் பான் எண்ணுக்குள் அப்பாவின் முதல் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது கார்டை வாங்கி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். வங்கிக்குப் பான் நகலோடு போய், அங்கே பெயரை விரித்துப் பதிந்த பிறகு மூன்றாவது முறை சரியானது.

ஜூலை 20 அன்று அனுப்பினோம். அப்பாவின் போனுக்கு வந்த இன்னொரு ஓடிபியால் அதே நிமிடத்தில் சரிபார்த்தாயிற்று, பெங்களூருக்குத் தாள் எதுவும் போக வேண்டியதில்லை. அந்த ஜூலை 31க்குள் நாடு முழுவதும் 7.28 கோடிக்கு மேல் ரிட்டர்ன் போட்டிருந்தார்கள், அதில் அம்மாவுடையது ஒன்று. ஆகஸ்ட் நடுவில், கணக்கைப் பார்த்து முடித்ததும் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு அம்மாவின் மின்னஞ்சலுக்கே வந்தது, இரண்டு நாளில் பணமும். 9,000 ரூபாயோடு, மாதத்துக்கு அரை சதவீதம் வீதம் ஏப்ரல் முதல் ஐந்து மாத வட்டி 225 ரூபாயும் சேர்த்து. அந்த வட்டியும் அடுத்த வருடக் கணக்கில் வருமானம்தான், மறக்காமல் எழுத வேண்டும்.

அந்த வாரமே தபால் நிலையத்தில் இருக்கும் ஆதார் மையத்துக்குப் போய், 50 ரூபாய் கட்டி, கைரேகை வைத்து, அம்மாவின் ஆதாரில் அம்மாவின் எண்ணை ஏற்றினோம். அப்பாவின் சிம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் கொடு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சில தொழிற்சாலைகளில் ஒருவர் மூலம் இன்னொருவர் என்று மொத்தமாகச் சேர்வார்கள். கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, இல்லாத மருத்துவச் செலவு, கட்டாத கல்விக் கட்டணம் என்று கழிவுகளைப் போட்டு, பிடித்த வரி முழுவதையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுக்க இப்படிப்பட்டவர்களைத் தேடிச் சோதனை நடத்தியது, தமிழ்நாட்டிலும்தான். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் 40,000 பேர் தாங்களாக முன்வந்து 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த 40,000 பேரில் எத்தனை பேருக்குத் தங்கள் பெயரில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்திருக்கும்? போட்டுக் கொடுப்பவரின் எண்ணும் மின்னஞ்சலும் அங்கே இருக்கும்போது அறிவிப்பு அவருக்குத்தான் போகும், அபராதம் மட்டும் நமக்கு வரும். இணையத்தில் நாமே போடலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆங்கிலம் படிக்கத் தயங்குபவர், சற்று நேரம் யோசித்தால் வெளியே தள்ளிவிடும் பக்கத்தின் முன் உட்கார்ந்திருப்பவர், கதவு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் ஒருவர் கையில் கடவுச்சொல்லைக் கொடுக்கிறார். ஊருக்கு ஊர் ஆதார் மையம் வைக்க முடிந்த நாட்டில், ஜூன் ஜூலையில் மட்டும் ஒரு மேசை போட்டு, தமிழில் பேசும் ஒருவரை உட்கார வைத்து, பெரியவர்கள் தங்கள் கையாலேயே போட உதவ முடியாதா? நிச்சயம் முடியும், கேட்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் அம்மா வங்கியில் 15எச் கொடுத்தார். ஆனால் அதற்குள் ஜூன் காலாண்டுக்கு 2,250 ரூபாய் பிடித்துவிட்டார்கள், அதனால் 2025இலும் ரிட்டர்ன் போட வேண்டியிருந்தது. அந்த வருடம் கெடுவைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்திருந்ததால் அவசரம் இல்லை. நான் கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் இருந்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியில் அம்மா தட்டினார். கூட்டல் எல்லாம் முந்தின நாளே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார், 225 ரூபாய் வட்டி உட்பட. ஓடிபி அவருடைய போனுக்கே வந்தது.

முடிந்ததும் அந்த ஒற்றைத் தாளை அச்செடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். "வெரிஃபைடுன்னு போட்டிருக்கு. இது பெங்களூருக்குப் போகணுமாட்டி?"

"வேண்டாம்மா. கோப்பில வையுங்க."